நாங்கள் இன்னும் போய்விடவில்லை: இலங்கை கிரிக்கெட் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளே,

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இலங்கை அணியின் ஆட்டத்தைப் பார்த்துவரும் ஒரு வெள்ளவத்தை வாசி இதை எழுதுகிறேன். அணி தோற்கும்போதெல்லாம் உங்கள் மேசைக்கு வந்து குவியும் வசைகளில் இதுவும் ஒன்று என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். ரசிகர்கள் அணியைக் கைவிட்டுவிட்டார்கள், நாலு வெற்றி கிடைத்தால் தாமாகவே திரும்பி வந்துவிடுவார்கள் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அது சரியல்ல என்று சொல்வதற்கே இம்மடல். எங்கள் பற்று குறையவில்லை. அதன் தன்மை மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, என் வீட்டுக் கதையையே உங்கள் முன் வைக்கிறேன்.

1996இல் எனக்கு 12 வயது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து நாங்கள் கொழும்புக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கிக் கட்டடத்தின் மீது குண்டுத் தாக்குதல் நடந்தது. அதன் பின்னர், உலகக் கிண்ணப் போட்டிகளுக்காகக் கொழும்புக்கு வர அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்துவிட்டன. இந்தியாவினதும் பாகிஸ்தானினதும் வீரர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து வந்து, கொழும்பு கெத்தாராம மைதானத்தில் எங்களோடு ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போனார்கள். எங்கள் ஒழுங்கையில் அந்த நாட்களில் பொழுதுபட்டால் தேவையில்லாமல் யாரும் வெளியே போவதில்லை. மார்ச் 17ஆம் திகதி இரவு, லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களோடு நிற்க, அர்ஜுன ரணதுங்க வெற்றி ஓட்டத்தை அடித்த அந்தக் கணத்தில், காலி வீதிப் பக்கமிருந்து வெடிச்சத்தம் அதிர்ந்தது. உள்ளறையில் படுத்திருந்த அம்மா, குண்டு வெடித்துவிட்டது என்று எண்ணி, தங்கையை வாரி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தார். நானும் அப்பாவும் கைதட்டிக்கொண்டு நிற்பதைக் கண்ட பிறகுதான், கேட்டது சீனவெடி என்பது அவருக்கு விளங்கியது.

அப்பா கொளுவியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டார். மேற்பையைத் தொட்டு, அடையாள அட்டையும், கொழும்பில் தங்கிய தமிழர்கள் அந்நாட்களில் வைத்திருக்க வேண்டியிருந்த பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கின்றனவா என்று பார்த்தார். அதன் பிறகே என் கையைப் பிடித்து வெளியே அழைத்துச் சென்றார். காலி வீதியில் முச்சக்கர வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டு வந்த முன்பின் தெரியாத ஓர் இளைஞன், கடதாசிக் கொடியொன்றை என் கையில் திணித்துவிட்டுப் போனான். சந்தியிலிருந்த காவலரணில் வழக்கமாக அப்பாவின் பையைத் திறந்து பார்க்கும் சிப்பாய், அன்றிரவு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்பாவின் இரு கைகளையும் பற்றிக் குலுக்கினார். மறுநாட் காலை அதே இடத்தில் அதே சிப்பாய் அடையாள அட்டையைக் கேட்டார். அப்பா எடுத்துக் கொடுத்தார். இருவருமே முந்திய இரவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

என் பற்று அங்கேதான் தொடங்கியது. கொழும்பில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளையொன்று, யாருடைய முகத்தையும் பார்க்காமல், யாருக்கும் பயப்படாமல், "நாங்கள்" என்று வாய் நிறையச் சொல்லக்கூடிய இடம் அந்தக் காலத்தில் இந்த அணி ஒன்றுதான். அதனால் அந்தப் பற்றுக்கு அளவு இருக்கவில்லை. அணி வென்ற மறுநாள் பள்ளிக்கூட வாசலில் என் நடையே வேறாக இருக்கும். தோற்ற மறுநாள் சாப்பாடு இறங்காது.

அந்தப் பற்று முரளிதரனைச் சுற்றிப் படர்ந்தது இயல்பு. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ன் மைதானத்தில் நடுவர் டெரல் ஹெயார், அவர் பந்தை எறிகிறார் என்று கூறித் திரும்பத் திரும்ப 'நோ போல்' அறிவித்ததை நாங்கள் ஒரு விளையாட்டுச் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுப் பிள்ளை ஒருவனைப் பலர் முன்னிலையில் நிறுத்திக் கேள்வி கேட்டது போலவே எங்களுக்கு இருந்தது. 1999 ஜனவரியில் அடிலெய்டில் அது மீண்டும் நடந்தபோது, ரணதுங்க தன் அணியையே எல்லைக்கோட்டருகே அழைத்துச் சென்று நின்றார். கிரிக்கெட் ஒழுங்கின்படி அது சரியா, பிழையா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு அன்று 15 வயது. ஒரு சிங்களத் தலைவர் ஒரு தமிழ்ப் பந்துவீச்சாளருக்காக, வெளிநாட்டு மண்ணில், உலகமே பார்த்திருக்க விரலை நீட்டி வாதாடியதை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். என் நாட்டில் வேறெங்கும் அப்படியொரு காட்சியை அதுவரை நான் கண்டதில்லை. உங்கள் அலுவலகச் சுவர்களில் வெற்றிக் கிண்ணங்களின் படங்கள் மாட்டப்பட்டிருந்தால், அவற்றோடு அந்தப் படமும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அப்பாவின் பற்று வேறு விதமானது. அவர் பொரளைப் பக்கம் போகும்போதெல்லாம் தமிழ் யூனியன் கழகத்தின் ஓவல் மைதானத்தைக் காட்டி, 1948இல் டொன் பிரட்மனின் அணி இங்கு வந்து ஆடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவ சதாசிவம் என்று சொல்வார். இந்நாட்டின் முதல் டெஸ்ட் போட்டி 1982 பெப்ரவரியில் அங்குதான் நடந்தது. முதல் டெஸ்ட் வெற்றியும் 1985இல் இந்தியாவுக்கு எதிராக அங்குதான் கிடைத்தது. மைதானம் தாங்கி நிற்கும் பெயரும் ஒரு தமிழருடையது: கிரிக்கெட் நிர்வாகத்தின் தலைவராக இருந்த பி. சரவணமுத்து. இவற்றை அப்பா பெருமைக்காகச் சொன்னார் என்றே சிறு வயதில் நினைத்தேன். இது எங்களுக்கு யாரும் தந்த இடமல்ல, தொடக்கத்திலிருந்தே நாங்களும் சேர்ந்து கட்டிய வீடு என்பதை எனக்குத் தெரியப்படுத்துவதற்காகவே அவர் சொல்லியிருக்கிறார் என்பது வெகுநாள் கழித்தே விளங்கியது.

2009ஆம் ஆண்டைப் பற்றி எழுதாமல் விட்டால் இம்மடல் பொய்யாகிவிடும். மார்ச் 3ஆம் திகதி லாகூரில் அணியின் பேருந்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன்; வீரர்கள் எல்லோரும் உயிரோடிருக்கிறார்கள் என்று கேள்விப்படும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை. இரண்டரை மாதங்களில் போர் முடிந்தது. வன்னியில் எங்கள் உறவினர்கள் யார் யார் இருக்கிறார்கள், யார் யார் இல்லை என்பது தெரியாத நாட்கள் அவை. ஜூன் 21ஆம் திகதி லோர்ட்ஸ் மைதானத்தில் இலங்கை உலகக் கிண்ண இருபதுக்கு இருபது இறுதிப் போட்டியில் ஆடியபோது, என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தொலைக்காட்சியைப் போடவில்லை. பக்கத்து வீட்டில் சத்தம் எழுந்து அடங்குவது மட்டும் கேட்டது. அந்த வாரம் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் பேசிய மச்சான், "இன்னுமோ நீ உவங்கட விளையாட்டைப் பார்க்கிறாய்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆம் என்று சொல்லவும் வரவில்லை.

அந்த மௌனம் ஏறக்குறைய ஓராண்டு நீடித்தது. அதைப் பற்றுக் குறைவு என்று யாரும் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எதுவும் கேட்காமல் கொடுத்த பற்றுக்கு அந்த ஆண்டுதான் முதன்முதலாகக் கேள்வி கேட்கத் தெரிந்தது.

திரும்பி வந்தது காலியில். 2010 ஜூலை 22ஆம் திகதி, முரளிதரனின் கடைசி டெஸ்ட் போட்டியின் கடைசி நாள். விடுமுறை எடுத்துக்கொண்டு அதிகாலை ரயிலில் போனேன். போட்டி தொடங்கும்போது 792 விக்கெட்டுகளில் இருந்தவர், 799க்கு வந்து நின்றுவிட்டார். எதிரணியான இந்தியாவிடம் எஞ்சியிருந்தது ஒரே ஒரு விக்கெட்; 800ஐத் தொட அது அவருக்கே விழ வேண்டும். மறுமுனையில் மாலிங்க ஓடி வரும்போதெல்லாம், இந்தப் பந்தில் விக்கெட் விழுந்துவிடக் கூடாதே என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து வேண்டிக்கொண்டோம். எனக்குப் பக்கத்திலிருந்த மாத்தறைக்காரர் ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். இறுதியில் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்து ஸ்லிப்பில் நின்ற மஹேல ஜயவர்தனவின் கைகளில் விழுந்தது. மாத்தறைக்காரர் அழுதார். நானும் அழுதேன். நாங்கள் இருவரும் வேறு வேறு காரணங்களுக்காக அழுதிருக்கலாம்; அதை விசாரிக்க அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

அதன் பின் பல ஆண்டுகள், ஒவ்வொரு அணிப் பட்டியல் வெளியாகும்போதும் அதில் ஒரு தமிழ்ப் பெயரைத் தேடுவது எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும், ஹட்டனிலும் அது வழக்கம் என்பதை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. தகுதியில்லாத ஒருவரைச் சேருங்கள் என்று யாரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் 'வடக்கின் பெரும் போர்' ஆடிவருகின்றன. அத்தனை நீண்ட கிரிக்கெட் மரபுள்ள ஊரிலிருந்து தேசிய அணிக்கு வரும் பாதை ஏன் இவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்றுதான் கேட்கிறோம். போர் ஒரு காரணம்தான். ஆனால் அந்தக் காரணம் 2009இல் முடிந்துவிட்டது. 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக விஜயகாந்த் வியாஸ்காந்த் தன் முதல் ஆட்டத்திலேயே அஞ்சலோ மெத்தியூஸின் விக்கெட்டை எடுத்தபோது, எங்கள் கூடத்தில் 1996 மார்ச் இரவின் சத்தம் மறுபடி கேட்டது. அவ்வளவு பசியோடு காத்திருந்தவர்கள் நாங்கள்.

வெற்றி தோல்விகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2007, 2009, 2011, 2012 என நான்கு உலகக் கிண்ண இறுதிப் போட்டிகளில் தோற்றோம். அவற்றில் கடைசியை எங்கள் கெத்தாராமவிலேயே தோற்றோம். 2014இல் மிர்பூரில் வென்றோம். இவை எவையும் என்னைப் போன்றவர்களின் பற்றைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சங்கக்காரவும் மஹேலவும் விடைபெற்ற பிறகு வந்த நீண்ட சரிவிலும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

2022 ஜூன் 24ஆம் திகதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்ட நாட்கள் அவை. நான் வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் மருதானைக்குப் போய், அங்கிருந்து பஞ்சிகாவத்தை ஊடாக மைதானத்துக்கு நடந்தேன். அவுஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரை நாங்கள் ஏற்கெனவே வென்றுவிட்டோம். அன்று ஐந்தாவது போட்டி, அதில் தோற்றோம். ஆனால் மைதானத்தில் பாதிப் பேர் அவுஸ்திரேலிய அணியின் மஞ்சள் உடுப்புப் போட்டிருந்தார்கள். இவ்வளவு நெருக்கடியிலும் எங்கள் நாட்டுக்கு வந்து விளையாடியதற்காக எதிரணிக்கு நன்றி சொல்லும் பதாகைகளைப் பிடித்திருந்தார்கள். 1996இல் வர மறுத்த அதே நாட்டுக்கு அந்த நன்றி என்பது என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படிச் செய்யும்படி எவரும் ரசிகர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நிர்வாகிகளே, உங்கள் மைதானத்துக்கு வருகிறவர்கள் எவ்வளவு முதிர்ந்தவர்கள் என்பதற்கு அந்த ஒரு மாலை போதும்.

முதிர்ந்தவர்களிடம் பேசுவது போல எங்களிடம் நீங்கள் பேசுவதில்லை என்பதே என் மனக்குறை.

2023 செப்டெம்பர் 17ஆம் திகதி, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டிக்கு ஒன்பது வயதான என் மகளை முதன்முதலாகக் கெத்தாராமவுக்கு அழைத்துப் போனேன். மழையால் ஆட்டம் தாமதித்தது. தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மொஹமட் சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட்டுகளை எடுத்தார். 50 ஓட்டங்களுக்கு எல்லாம் முடிந்தது. பப்பரேக் குழுவினர் வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். மகள் அழுவாள் என்று பயந்தேன். அவளோ மைதானப் பணியாளர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வந்ததும் அந்தப் பெரிய விரிப்பை இருபுறமும் பிடித்து அவர்கள் இழுத்தோடியது, விரிப்பில் தேங்கிய நீர் சிந்தாமல் மெல்லச் சரித்து வடித்தது, நனைந்த காற்சட்டைகளோடு திரும்ப ஓடியது எல்லாவற்றையும் விரலால் காட்டிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று இரவு சிராஜ் தன் ஆட்டநாயகன் பரிசுப் பணத்தை அந்தப் பணியாளர்களுக்கே கொடுத்துவிட்டார் என்று நான் சொன்னபோது, "அப்ப அவையள் வெண்டிட்டினம்" என்றாள்.

தோற்ற அணியை அன்று நாங்கள் வையவில்லை. அக்டோபர் 30ஆம் திகதி, கொடியைத் தூக்கிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் இந்த அணிக்குப் பின்னால் சென்ற பேர்சி அபேசேகர 87 வயதில் காலமானார். அன்று புனேயில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றோம். மூன்று நாட்களின் பின் மும்பையில் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். அதையும் பொறுத்தோம். ஆனால் நவம்பர் 10ஆம் திகதி, நிர்வாகத்தில் அரசின் தலையீடு இருப்பதாகக் கூறி சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. இங்கு நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. தோற்றால் அடுத்த ஆட்டத்தில் வெல்லலாம், ஆனால் ஆடவே கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்று மகள் கேட்டாள். அன்று அவளுக்கு நான் சொன்ன பதிலில் எனக்கே திருப்தி இல்லை. அமைச்சு ஒரு பக்கமும் நிர்வாகம் ஒரு பக்கமும் நின்று ஒன்றையொன்று குற்றம் சாட்டிய அந்த வாரங்களில், ஆட்டம் பார்ப்பவனுக்கு என்று ஒரு வார்த்தையை இரு தரப்பும் சொல்லவில்லை என்பதே என் நினைவில் நிற்கிறது. ஜனவரி 28ஆம் திகதி தடை நீங்கியபோது எங்கள் ஒழுங்கையில் யாரும் வெடி கொளுத்தவில்லை.

என் மகளின் பற்று என்னுடையதைப் போன்றதல்ல. அவளுக்கு நாயகி மகளிர் அணியின் சமரி அத்தபத்து. 2024 ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளையில் சமரி 61 ஓட்டங்களும் ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69 ஓட்டங்களும் எடுத்து, இந்தியாவை வென்று மகளிர் ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியபோது, என் மகள் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாத காலத்தில் பிறந்தவள். தோற்றால் சாப்பிடாமல் இருக்க மாட்டாள். ஆனால் "இவவை ஏன் எடுக்கேல்லை? ஆர் முடிவு செய்தது? அவையள் காரணம் சொன்னவையோ?" என்று விடாமல் கேட்பாள். 12 வயதில் எனக்கு இந்தக் கேள்விகள் தோன்றவில்லை. நான் முப்பது ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடத்திலிருந்துதான் அவள் தொடங்குகிறாள். உங்கள் வருங்கால ரசிகர்கள் அவளைப் போன்றவர்கள்.

ஆகவே, என் வேண்டுகோள்கள் பெரியவையல்ல. ஒவ்வொரு பெரிய தொடருக்குப் பின்னரும், என்ன எண்ணிச் சென்றோம், எங்கே பிழைத்தோம், எதை மாற்றப் போகிறோம் என்பதைத் தேர்வாளர்களும் பயிற்சியாளர்களும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வெளியிடட்டும். நான்கு பக்கம் போதும். தமிழில் அது மொழிபெயர்ப்புப் பிழைகளோடு பின்னால் வந்து சேராமல், மற்ற இரண்டோடும் ஒரே நாளில் வரட்டும். கிளிநொச்சியிலோ பதுளைத் தோட்டமொன்றிலோ பந்து வீசிப் பழகும் பெண் பிள்ளைக்கு, ஒரு பயிற்சியாளர் தன் ஊருக்கு எந்த மாதம் வருவார் என்பது தெரிந்திருக்கட்டும். திறமை கொழும்புக்கு வந்து உங்கள் கதவைத் தட்டும் என்று காத்திருந்த காலத்தில் எத்தனை பேரை இழந்தோம் என்பதற்குக் கணக்கே இல்லை.

இன்னொன்றை என் தந்தைக்காகக் கேட்கிறேன். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தச் செய்தி வந்த பத்திரிகைப் பக்கத்தை அப்பா கத்தரித்து, ஒருகாலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டு இருந்த அதே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். சதுப்பு நிலத்துக்குக் கேடு வராமல் கட்ட வேண்டும் என்று அங்குள்ளவர்கள் சொல்வதையும் அவர் கவனமாக வாசிக்கிறார். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதும், அதைக் கேட்டே கட்ட வேண்டும் என்பதும் அவர் கருத்து. இளவயதில் வடக்கின் பெரும் போரை வேலியோரம் நின்று பார்த்தவர் அவர். இலங்கை அணி தன் ஊரில் ஆடுவதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். அவருக்கு இப்போது 79 வயது. முழங்கால் நோவு இருப்பதால் முன்கூட்டியே ரயிலில் நல்ல இருக்கையாகப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். மூன்று பேர் வருவோம். முதல் போட்டி எந்த ஆண்டு, எந்த மாதம் என்பதை மட்டும் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு ரசிகன்,
கொழும்பு 06